நிறுத்தி அனுப்பும் வேலை

வயிற்று அறுவை வார்டில் காலை ரவுண்டின்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "காத்துப் பிரிஞ்சுதா?" என்பதுதான். காய்ச்சல், நாடி, தையல் எல்லாம் அதற்குப் பிறகு. பழைய ஆட்கள் இன்றும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொல்லும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில், 1980களின் தொடக்கத்தில் நான் அறுவை மருத்துவம் பயின்றேன். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வரும்வரை நோயாளிக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. மூக்கு வழியாக இரைப்பைவரை ரைல்ஸ் டியூப், கையில் குளுக்கோஸ், கட்டிலோடு படுக்கை. உலகம் முழுவதும் அன்று அதுதான் முறை. "டாக்டரம்மா, நாலு நாளா பட்டினியாக் கெடக்காரு. ரெண்டு வாய் கஞ்சித் தண்ணியாச்சும் ஊத்தலாமா?" என்று மனைவிமார் வராந்தாவில் கெஞ்சுவார்கள். இன்னும் காற்றுப் பிரியவில்லையே என்று நாங்கள் தலையசைத்துவிட்டுப் போவோம்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வயிற்றைத் திறந்து குடலைக் கையால் தொட்டாலே அது அசைவை நிறுத்திவிடும். ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் மீள்வதில்லை. சிறுகுடல் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் மறுபடி அசையத் தொடங்கும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். பெருங்குடல்தான் கடைசி, அதற்கு இரண்டு மூன்று நாள். காற்றுப் பிரிவது பெருங்குடல் விழித்ததன் அடையாளம். உணவை உறிஞ்சும் சிறுகுடல் எப்போதோ தயாராகியிருக்க, நாங்கள் கடைசியில் விழிப்பதற்காகக் காத்திருந்தோம்.

1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை மருத்துவர் இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டார். தேவையில்லாமல் குழாய் போடாதீர்கள், சீக்கிரம் நடக்க விடுங்கள், சீக்கிரம் வாய்வழி உணவு கொடுங்கள் என்றார். எங்கள் வார்டுக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. முதன்முதலாக, குடலை வெட்டி இணைத்த ஒருவருக்கு மறுநாள் காலையே மோரும் இட்லியும் கொடுக்கச் சொன்னபோது, மூத்த சிஸ்டர் கேஸ் ஷீட்டை என்னிடம் கொண்டுவந்து "எழுதுனது சரிதானா மேடம்?" என்று உறுதி செய்துகொண்டார். அந்த நோயாளி நன்றாகச் சாப்பிட்டார், நடந்தார், முன்பைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்.

இரைப்பை அரைக்கிறது, சிறுகுடல் உறிஞ்சுகிறது, பெருங்குடல் கழிவைச் சேர்க்கிறது என்றுதான் பள்ளிப் புத்தகம் சொல்லித் தருகிறது. அதில் தவறில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் வயிற்றைத் திறந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த உண்மை இன்னும் ஒன்று உண்டு. இந்த உறுப்புகளின் உயிர்நாடி, வந்ததை நிறுத்தி வைப்பதிலும், அடுத்தவர் தயாரானதும் அளவோடு அனுப்புவதிலும்தான் இருக்கிறது. நான் பார்த்த வயிற்று நோய்களில் பெரும்பகுதி அந்த நேரக்கணக்கு தவறியதால் வந்தவை.

அனாட்டமி ஹாலில் கிடந்த உடலில் சிறுகுடல் சாம்பல் நிறமாக, விறைத்து, ஆறேழு மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும். உயிருள்ள வயிற்றை முதன்முதலாகத் திறந்தபோது பார்த்தது வேறொன்று. இளஞ்சிவப்பாக, ஈரமாக, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டு, தொட்ட இடத்தில் சுருங்கி, அந்தச் சுருக்கம் மெல்ல நகர்ந்து போயிற்று. அத்தனை நீளச் சிறுகுடலும் முதுகுப்பக்கம் ஒட்டியிருப்பது சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு வேரில்தான். அந்த வேரின் வழியாகத்தான் ரத்தக்குழாய்கள் போகின்றன. குடலின் சுவருக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையிலிருந்து வரும் நரம்பை வெட்டினாலும் குடல் தன் அசைவைத் தானே நடத்திக்கொள்ளும். "இது நம்ம சொல்லுக்குக் காத்திருக்கிற உறுப்பு இல்ல, நாமதான் இதோட சொல்லுக்குக் காத்திருக்கணும்" என்று என் ஆசிரியர் தியேட்டரில் சொல்வார். அதன் பொருள் எனக்கு மெல்லத்தான் பிடிபட்டது.

உணவுக்குழாயிலிருந்தே தொடங்குகிறேன். முன்பல்லிலிருந்து இரைப்பையின் வாசல் சுமார் 40 சென்டிமீட்டர். ஸ்கோப் போடுகிறவர்கள் அந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். விழுங்கிய கவளம் பத்து நொடிக்குள் அந்த வாசலுக்கு வந்துவிடும். வாசல் திறந்து உள்ளே விட்டு உடனே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் நெஞ்செரிச்சல். திறக்காவிட்டால் அக்கலேசியா என்ற நோய்.

தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணை மறக்க முடியாது. "சோறு நெஞ்சுக்குள்ளயே நின்னுபோகுது. எந்திரிச்சு நடந்துக்கிட்டு, மேல தண்ணி ஊத்தினாத்தான் எறங்குது" என்றாள். ராத்திரி படுத்தால் சாயங்காலம் சாப்பிட்டது தலையணையில் வருமாம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டே வருடங்கள் ஆயிற்று என்றாள். வீட்டில் அவளுக்கு மனநோய் என்று முடிவு செய்து கோயில் கோயிலாகக் கூட்டிப்போயிருந்தார்கள். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தபோது உணவுக்குழாய் பெருத்து, அடியில் கூராக ஒடுங்கி நின்றது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913இல் செய்துகாட்டிய அறுவையைத்தான் அவளுக்கும் செய்தோம். இறுகிய வாசலின் வெளித்தசையை மட்டும் நீளவாக்கில் வெட்டி, உள்சவ்வைத் தொடாமல் விடுவது. இன்று அதே வேலையை வெளியே கீறாமல், வாய்வழி ஸ்கோப் மூலமே செய்கிறார்கள். ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008இல் அதைத் தொடங்கிவைத்தார். கருவி மாறினாலும் செய்கிற வேலை நூறாண்டுக்கு மேலாக ஒன்றுதான்: திறக்காத வாசலைத் திறந்துவிடுவது. அந்தப் பெண் மறுபரிசோதனைக்கு வந்தபோது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் முதலில் சொன்னாள்.

என் பயிற்சிக் காலத்தில் வார்டை நிறைத்தது அல்சர். முன்சிறுகுடலில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, அந்த இடமே தழும்பாகி இரைப்பையின் கடைவாசல் அடைத்துப்போயிருக்கும். பெரும்பாலும் நடுவயது ஆண்கள், எலும்பும் தோலுமாக வருவார்கள். நேற்று மத்தியானம் தின்ற பருப்பும் சோறும் இன்று வாந்தியில் வரும். அவர்களைப் படுக்கவைத்து இடுப்பைப் பிடித்து லேசாக அசைத்தால், வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் கட்டிலருகில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும். இடமிருந்து வலமாக இரைப்பையின் அலை, தோலுக்கு மேலேயே ஓடுவது தெரியும். ஸ்கேன் இல்லாத அந்நாளில் நோயைக் கண்டுபிடிக்க இவை போதும்.

அதற்கு நாங்கள் செய்த அறுவை, அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. அடைப்பு நீங்கும், உயிர் பிழைக்கும். ஆனால் அந்தக் கடைவாசல் எத்தனை பெரிய வேலை செய்துகொண்டிருந்தது என்பது அதைத் தாண்டி வழிவிட்ட பிறகுதான் தெரிந்தது. நல்ல இரைப்பை, உணவை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிய துகளாக அரைத்த பிறகே கீழே விடும். கொழுப்பு அதிகமிருந்தால் இன்னும் மெதுவாக விடும். கண்மாயின் மதகுபோல அது கீழே வயல் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத் திறக்கிறது. மதகு இல்லாத இரைப்பையிலிருந்து உணவு மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டும். அதிலும் இனிப்பு என்றால், அதைக் கரைக்க உடம்பின் நீர் குடலுக்குள் பாய்ந்துவிடும். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, படபடத்து, கண் இருண்டு படுத்துவிடுவார்கள். "பாயசம் குடிச்சேன், உசுரு போயிட்டு வந்துச்சு" என்று ஒருவர் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுங்கள், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், இனிப்பைக் குறையுங்கள், சாப்பிட்டதும் சற்று நேரம் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். இழந்த உறுப்பின் வேலையை நோயாளியே தன் பழக்கத்தால் செய்யவேண்டியிருந்தது.

அந்த வார்டு என் கண்முன்னே காலியானது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும், அல்சருக்குக் காரணமான ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி வாழாது என்று சொல்லி மருத்துவ உலகம் அதை நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தனக்கு இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே ரானிடிடின் வந்தது, ஒமிப்ரசோல் வந்தது, பிறகு கிருமியை அழிக்கும் மாத்திரைக் கூட்டும் வந்தது. இன்றைய முதுநிலை மாணவர்கள் பலர் வேகஸ் நரம்பை வெட்டும் அறுவையைப் பார்க்காமலே தேர்ச்சி பெறுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஓர் அறுவை தேவையற்றுப் போவதைவிடப் பெரிய வெற்றி அறுவை மருத்துவத்துக்குக் கிடையாது.

ஆனாலும் இரைப்பைப் புண் வெடித்து, நள்ளிரவில் வயிறு கல்லாக இறுகி வருகிறவர்கள் நிற்கவில்லை. ஆட்கள் மாறினார்கள். முன்பு பீடி குடிக்கும் கூலித் தொழிலாளி. இப்போது மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிய பாட்டி. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு அடியில் பிறை வடிவில் காற்று தெரிந்தால் தியேட்டருக்குச் சொல்லிவிடுவோம். ஓட்டையை மூட, வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புத் திரையான ஒமென்டத்தின் ஒரு துண்டை இழுத்துவைத்துத் தைப்போம். பல நேரம் நாங்கள் திறக்கும்போதே அந்தத் திரை தானாக நகர்ந்து ஓட்டைமேல் ஒட்டியிருக்கும். குடல்வால் அழன்றாலும் அதுதான் முதலில் போய்ச் சுற்றிக்கொள்ளும். உடம்பு தொடங்கிவைத்த வேலையைத்தான் எங்கள் ஊசி முடித்துவைக்கிறது.

இரைப்பை அனுப்பும் அமிலக் கூழ் முன்சிறுகுடலுக்கு வந்ததும் இரண்டு நீர்கள் அங்கே சேர வேண்டும். கல்லீரல் நாளெல்லாம் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை பித்தநீர் சுரக்கும். பித்தப்பை அதைச் சுண்டவைத்துச் சேமித்து, கொழுப்பு வந்த செய்தி கிடைத்ததும் சுருங்கி அனுப்பும். சேமிக்கும் இடத்தில்தான் கல் உருவாகிறது. எங்கள் காலத்தில் வலது விலாவுக்கு அடியில் நீளமாகக் கீறித்தான் பித்தப்பையை எடுப்போம். அந்தக் காயத்தின் வலியில் நோயாளியால் இரும முடியாது. 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹெம்டன் உட்வாடியா லேப்ராஸ்கோப் வழியாக அதைச் செய்துகாட்டினார். சில ஆண்டுகளில் நாங்களும் திரையைப் பார்த்து அறுக்கக் கற்றுக்கொண்டோம். பித்தப்பை எடுத்த பிறகு, "இனிமே எண்ணெய்ப் பண்டமே ஆகாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். பித்தநீர் சேமிப்பின்றி நேராகச் சொட்டத் தொடங்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும். பிறகு பெரும்பாலானோர் எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்வேன்.

கணையம் அப்படி மன்னிக்காது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்வரை நீர் சுரக்கும் அந்த உறுப்பு, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் செயலற்ற வடிவில்தான் அனுப்புகிறது. முன்சிறுகுடலின் சுவரில் உள்ள இன்னொரு நொதி பட்ட பிறகே அவை வேலை செய்யும். ஏன் இந்தச் சுற்றுவழி என்பதை, கணைய அழற்சி வந்த ஒரு வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நேரத்துக்கு முன்பே, தான் பிறந்த இடத்திலேயே விழித்த நொதிகள் கணையத்தையே செரித்திருக்கும். சுற்றியுள்ள கொழுப்பு வெள்ளைத் திட்டுகளாகச் சோப்பாகியிருக்கும். சுண்ணாம்பும் கொழுப்பும் சேர்ந்து உண்மையிலேயே சோப்பாக மாறிவிடுகின்றன.

எண்பதுகளில் அழுகிய திசுவை உடனே அகற்றவேண்டும் என்று ஓடி ஓடி அறுத்தார்கள், பலர் இறந்தார்கள். பிறகு மெல்லத் தெரிந்தது, முதல் வாரங்களில் கத்தி தொடக்கூடாது என்று. முடிந்தால் நான்கு வாரம் தாங்கவைத்து, நல்ல திசுவும் கெட்டதும் பிரிந்த பிறகு, முதலில் தோல்வழி ஒரு குழாய், போதாவிட்டால் சிறு துளை வழியாகச் சுத்தம் என்று படிப்படியாகப் போகவேண்டும். நெதர்லாந்து மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறைக்கு உறுதியான ஆதாரம் தந்தது. இந்த நோயோடு வருகிறவர்களில் முப்பது வயதுகூட ஆகாத, குடியால் வந்த இளைஞர்கள் ஆண்டுக்காண்டு கூடியதைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையோடு ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் அவர்கள் மனைவிமாரின் முகங்கள் எனக்குப் பழகவே இல்லை. பழகவும் கூடாது.

சிறுகுடல்தான் உண்மையில் நம்மை வாழவைக்கிறது. அதன் உள்பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று நாங்கள் படித்தோம். 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுட்பமாக அளந்து, வாயிலிருந்து ஆசனவாய்வரை மொத்தமே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். பரப்பு குறைந்தாலும் மதிப்பு குறையவில்லை. குடித்த நீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் அதற்குள் போகிறது. அதில் ஒன்றரை இரண்டு லிட்டர் மட்டும் பெருங்குடலுக்கு மிஞ்சும்.

குடல் முறுக்கி, ரத்தம் ஓடாமல் கறுத்துப்போய் ஒருவர் வந்தார்; லாரி ஓட்டுநர், திருமணமாகி சில மாதம். கறுத்ததை எல்லாம் எடுத்தபின் மிஞ்சியது ஒரு மீட்டருக்கும் சற்று அதிகம். முதல் மாதங்களில் சாப்பிட்டதெல்லாம் தண்ணீராகப் போனது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொன்னோம். வேகத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தோம். குடலின் கடைப்பகுதி போனதால் வைட்டமின் பி12 ஊசி போட்டோம். அந்த வைட்டமினை உறிஞ்ச உடம்பில் வேறு இடம் கிடையாது. ஓராண்டு போனது. மிஞ்சிய குடல் தடித்தது, உள்ளே விரலிகள் நீண்டன, வெளியேறும் அளவு குறைந்தது. அவருக்கு எடை ஏறத் தொடங்கியது. மாத்திரையால் செய்யமுடியாததைக் குடல் தானே செய்துகொண்டிருந்தது. அதற்குத் தேவைப்பட்ட காலத்தை மட்டும்தான் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

உப்பும் சர்க்கரையும் என்றேனே, அது சாதாரண விஷயமில்லை. வயிற்றுப்போக்கில் குடல் நீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதும், குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே எடுக்கும் வழி மட்டும் பெரும்பாலும் கெடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த போங்காவ் முகாமில், ஊசிவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலக்கி, குடும்பத்தாரையே ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதம்வரை போன காலரா இறப்பு, அவர் பார்த்தவர்களிடையே 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. கோடையில் குழந்தைகள் வார்டில் ஒரே கட்டிலில் இரண்டு மூன்று பிள்ளைகள் கண் குழிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்துக்கும் போன பிறகு அந்தக் காட்சி குறைந்தது.

உருளைப்புழு கொத்தாகச் சுருண்டு குழந்தைகளின் குடலை அடைப்பதும் அதேபோல் குறைந்துவிட்டது. வயிற்றைத் திறந்தால் புழுக்கட்டி குடலுக்குள் முறுக்கிக்கொண்டு தெரியும். குடலைக் கீறாமல், மெல்லப் பிசைந்து பெருங்குடலுக்குத் தள்ளிவிட்டு மூடுவோம். கழிப்பறையும் பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையும் அந்த அறுவையை ஏறக்குறைய ஒழித்துவிட்டன.

பெருங்குடலை அலட்சியமாக எண்ணியவர்களில் இளம் மருத்துவர்களும் உண்டு. கழிவுதானே என்பார்கள். சிறுகுடலின் கடைசி முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்த நோயாளிகளைக் கவனித்தால் அந்த எண்ணம் போய்விடும். நாளெல்லாம் நீராக ஒழுகும். பட்ட தோல் வெந்துவிடும். வெயில் காலத்தில் உப்பு இறங்கி மயங்குவார்கள். பெருங்குடல் அந்த ஒன்றரை இரண்டு லிட்டரையும் ஒருநாள் இரண்டுநாள் நிறுத்திவைத்து, நூறு இருநூறு மில்லி நீர் போக மற்றதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அந்த நிறுத்தம் இருப்பதால்தான் மனிதன் நிம்மதியாகப் பஸ் ஏற முடிகிறது.

அப்படி வெளியே வைத்த குடல்முனையின்மேல் ஒட்டும் ஸ்டோமா பை அன்று எங்களுக்குக் கிடைக்காது. பாலிதீன் பையை ரப்பர் வளையத்தில் மாட்டி இடுப்பில் கட்டிவிடுவோம். வாடை அடிக்கும் என்று வீட்டின் பின்கட்டில் தனியாகப் படுத்த ஓர் அம்மா, "சாமி கும்பிடக்கூட உள்ள போறதில்ல டாக்டரம்மா" என்றார். ஒட்டும் பைகள் வந்தபின், அதைப் பொருத்தக் கற்றுத்தரத் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வந்தபின், அதே நிலையில் இருந்தவர்கள் வயல் வேலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். நல்ல அறுவையைவிட நல்ல பை சிலரின் வாழ்க்கையை அதிகம் மாற்றியது.

கடைசி வாசல் மலக்குடலின் முடிவு. வந்திருப்பது காற்றா, நீரா, கட்டியா என்று பிரித்தறியும் உணர்வு அந்தச் சில சென்டிமீட்டர் சவ்வுக்கு உண்டு. இடம் சரியில்லை என்றால் நிறுத்திவைக்கும். காற்றை மட்டும் விடும். அந்த இடத்தில் புற்று வந்தால், 1908இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் வகுத்த வழிப்படி ஆசனவாயோடு எடுத்துவிட்டு, நிரந்தரமாக வயிற்றில் வழி வைப்பதுதான் எங்கள் காலத்துச் சிகிச்சை. வட்ட ஸ்டேப்ளரும், மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறையோடு சேர்த்துத் துல்லியமாக எடுக்கும் முறையும், அறுவைக்கு முன்பே கொடுக்கும் கதிர்வீச்சும் வந்தபிறகு, பலருக்கு அந்த வாசலைக் காப்பாற்ற முடிகிறது.

ஆனால் சீக்கிரம் வந்தால்தான். இங்கேதான் என் மனதில் இன்றும் ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. மலத்தில் ரத்தம் போகிறது என்று வெளியே சொல்ல நம் மக்கள் கூசுகிறார்கள். 'மூலம், பௌத்திரம்' என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போய், கட்டும் களிம்புமாக மாதங்களைக் கழிக்கிறார்கள். "மூலம்னுதான் நெனச்சேன்" என்ற வாக்கியத்தோடு, எடுக்கமுடியாத அளவு பரவிய கட்டியோடு வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களில் பலருக்கு, கையுறை போட்ட விரலால் ஒரு நிமிடம் சோதித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், பணம் வேண்டாம். நோயாளி கூச்சப்படுகிறார் என்று மருத்துவர் தவிர்க்கக்கூடாது. மருத்துவர் கேட்கவில்லையே என்று நோயாளி விட்டுவிடவும் கூடாது.

இப்போது என்னிடம் பயிலும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வயிற்று நோயாளியின் முன் உட்கார்ந்ததும் ஸ்கேன் காகிதத்தை ஓரமாக வையுங்கள். எது எங்கே நிற்கிறது, எது நிற்காமல் போகிறது, எப்போதிருந்து என்று கேளுங்கள். சோறு நெஞ்சில் நிற்கிறதா, நேற்றுத் தின்றது இன்று வாந்தியில் வருகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, வழக்கமாகப் போகும் நேரம் சில வாரமாக மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கும் பதில்தான் பெரும்பாலும் நோயின் இடம். வாசகர்களிடமும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், வெட்கப்படாமல் ஒரு மருத்துவரிடம் போய் அப்படியே சொல்லுங்கள். அவர் சோதிக்காமல் மருந்து எழுதினால், சோதித்துப் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள்.